பட்டியலில் இல்லாத வாசல்

ஜெபகுமாருக்குக் கம்பெனியில் கியூ.சி. வேலை. லைனில் வந்து நிற்கும் ஒயர் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். பச்சை என்றால் ஓகே, சிவப்பு என்றால் என்ஜி. அதோடு விட்டிருந்தால் யாருக்கு என்ன கஷ்டம்? மனுஷன் கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகும் ஸ்டிக்கரைக் கீழே வைக்கவில்லை. சினிமாப் பாட்டு என்ஜி. சீரியல் என்ஜி. தீபாவளிக்கு லைனில் கொடுக்கும் அதிரசம் படைப்பதற்கு முன்னால் எடுத்தது என்றால் ஓகே, படைத்த பிறகு என்றால் என்ஜி. டப்பாவைத் திறந்து நீட்டுகிறவர்களிடம் "படைச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். இருந்தும் யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. யாருக்கு ஜுரம் என்றாலும் முதல் ஆளாகப் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவரும் அவர்தான்.

மண்ணூரிலிருந்து அவரை ஏற்றிவரும் ஏழாம் நம்பர் கம்பெனி பஸ்ஸில் தினமும் படம் ஓடும். ஜெபகுமார் ஏறியதும் கண்ணை மூடுவார், கம்பெனி வந்ததும் திறப்பார். இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் பஸ்ஸில் டி.வி. நின்றுபோனது. மறுநாளும் ஓடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தன் ஜெபம் கேட்கப்பட்டது என்று ஜெபகுமார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சியே சொல்லிவிட்டார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். செல்லக்கனியும் சொன்னாள், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

செல்லக்கனி அதே லைனில் ஒயர் முனைகளுக்குக் கிளிப் அடிப்பவள். நாசரேத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவளைப் போலத் தெற்கேயிருந்து பிழைக்க வந்த முப்பது பேர் சேர்ந்து மண்ணூரில் ஒரு தகரக் கொட்டகையில் ஆராதனை நடத்துகிறார்கள். போதகர் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற வாரமெல்லாம் செயலாளர் ஜெபகுமார் வைத்ததுதான் சட்டம்.

அவளுடைய வாடகை அறை வடக்குப்பட்டில், சுந்தராம்பாள் வீட்டு மாடியில் இருந்தது. மாடிப்படி வெளிப்பக்கமாக ஏறும். சுந்தராம்பாளை முதலில் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டாள். "ஆன்ட்டியாம் ஆன்ட்டி, அத்தைன்னு சொல்ல வாய் வலிக்குதா?" என்று ஒரு அதட்டல் வந்தது. அன்றிலிருந்து அத்தைதான். செல்லக்கனிக்கு டெங்கு வந்தபோது, ஒன்பது நாள் வேளை தவறாமல் நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்து, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியவள் அந்த அத்தை. கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது, அந்தக் கையும் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவள் போன வருஷம் கிறிஸ்மஸ் சமயத்தில் பத்து நாள் செல்லக்கனியோடு பேசவில்லை. தண்ணீர் மோட்டார் போடச் சொன்னால் போடுவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். செல்லக்கனிக்குக் காரணமே விளங்கவில்லை. ஆடி மாதம் அம்மன் ஊர்வலம் வந்தபோதுதான் விளங்கியது. சாமி ஒவ்வொரு வாசலிலும் நின்று, தட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளிடம், டயர் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தை மகன் சிவசங்கர்தான் பேச்சுவாக்கில் சொன்னான்.

"எங்க ஊர்ல ஊர்வலம் ஒரு வூட்டத் தாண்டிப் போச்சுன்னா இன்னா அர்த்தம் தெரியுமா? அந்த வூட்ல சாவுத் தீட்டு. இல்லாங்காட்டி ஊரோட பகை. போன வருஷம் உங்க ஆளுங்க மோளம் அடிச்சுகினு வந்தாங்க. அம்மா புதுப்பொடவை கட்டிகினு, கொழந்தைங்கள நிக்க வெச்சுகினு வாசல்ல நின்னுது. நீங்க பாட்டுக்கு மாடிக்கு ஏறிப் பாடிட்டு, எறங்கிப் போயிட்டீங்க. அது அன்னிக்கு ராத்திரி சோறே துன்னல."

செல்லக்கனிக்குச் சுருக்கென்றது. அன்றே கீழே இறங்கிப்போய், "அத்தை, இந்த வருசம் கேரல் ஒங்க வாசல்லதான் மொதல்ல நிக்கும். இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாளே ஒழிய, கிறிஸ்மஸுக்கு வாசல் வாசலாகப் பாடிப்போகும் கேரல் எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் எழுதுவது அவள் இல்லை, ஜெபகுமார்.

டிசம்பர் பிறந்ததும் கேன்டீனில் அவரைப் பிடித்தாள். பக்கத்தில் அவருடைய அறைத்தோழன் சுடலைக்கண்ணு தட்டில் முகத்தைக் கவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம்.

"அண்ணே, இந்த வருசம் எங்க வீட்டுக்கார அத்தை வாசல்லயும் ஒரு பாட்டு பாடணும்."

"லிஸ்ட்ல இருக்கா?"

"லிஸ்ட்டு நீங்க எழுதுறதுதான?"

ஜெபகுமார் சாதம் பிசைவதை நிறுத்தினார். "கனி, கேரல் நம்ம சனத்துக்கு. மொத்தம் பதினோரு வீடு. அங்க போயி நின்னா தட்டு எடுப்பாவ, சூடம் காட்டுவாவ, நெத்தியில துன்னூறு பூசுவாவ. வேண்டாம்னா அவியளுக்கு வருத்தம். சரின்னா நமக்கு வருத்தம். ஒலகத்தோட ஒட்டாம இருக்கணும்னுதான நமக்குச் சொல்லியிருக்கு? எதுக்கு இந்த வம்பு?"

"துன்னூறு வேண்டாம்னு சொன்னா அடிக்கவா போறாவ?"

"என்ஜி, கனி."

"ஒங்க டேபிள்ல ரெண்டு ட்ரேதானா இருக்கு? ரீவொர்க்குன்னு மூணாவதா ஒண்ணு இருக்குல்லா? கொஞ்சம் சரி பண்ணி எடுத்துக்கிடுத ட்ரே?"

சுடலைக்கண்ணுவுக்குச் சிரிப்பில் புரையேறியது. ஜெபகுமார் அவன் தலையில் ரெண்டு தட்டு தட்டினார், தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்தார், எழுந்து கை கழுவப் போய்விட்டார். அந்த விஷயம் அதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

இதற்குப் பிறகு செல்லக்கனி செய்ததைத்தான் நியாயப்படுத்தவே முடியாது. அத்தையிடம் போய் 'வரமாட்டார்களாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது ஜெபகுமாரிடம் 'ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டேன்' என்று உண்மையை உடைத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. எப்படியாவது நடந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அத்தை தினமும், "ஞாயித்துக்கெழமை எத்தினி மணிக்கு வருவீங்க? எத்தினி பேரு?" என்று கேட்டால், "சொல்லுதேன் அத்தை" என்று மாடிக்கு ஓடிவிடுவாள்.

ஊரில் கேரல் என்றால் நடுச்சாமம், பனி, மஃப்ளர். இங்கே ஷிப்ட் யாரை விட்டது? ஒரு ஷிப்ட் முடிந்து இன்னொன்று தொடங்குவதற்குள் அத்தனை பேரும் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்றரை மணிக்குத்தான். வெயிலில்தான் கேரல். கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்துக்கு வயிறு உள்ள ஆள் சபையில் ஒருத்தரும் இல்லை. கம்பெனி சாப்பாட்டில் யாருக்கு வயிறு போடும்? கடைசியில் சபைக்கு வெளியே, தொப்பை உள்ள சுடலைக்கண்ணுவைப் பிடித்தார்கள். சுடலைமாடனுக்கு நேர்ந்து பேர் வைத்த பிள்ளை கிறிஸ்மஸ் தாத்தா ஆகலாமா என்று ஜெபகுமார் ஒரு நாள் முழுக்க யோசித்தார். முகமூடி போட்டால் ஓகே என்று தீர்ப்புச் சொன்னார். காலுக்கு பூட்ஸ் கிடைக்காததால் கம்பெனி சேஃப்டி ஷூவே பூட்ஸ் ஆனது.

கிளம்புவதற்கு முன் ஜெபகுமார் வழக்கம்போல ஜெபம் செய்து, வழக்கம்போலத் தன் குடும்பம் சபைக்கு வந்த சாட்சியையும் சொன்னார். சபையில் எல்லோருக்கும் அது மனப்பாடம். முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுடலைக்கண்ணு மட்டும்தான் முதல் தடவையாக வாய் பிளந்து கேட்டான்.

"எங்கப்பா சின்னப் புள்ளையா இருக்கும்போது எங்க ஊர்த் தேரு நாலு தெருவும் சுத்தும். எங்க தெரு முக்குக்கு வந்ததும் திரும்பிரும். வருசா வருசம் எங்க ஆச்சி புள்ளைகளுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு வாசல்ல நிறுத்துவாவளாம். தேரோட முதுகத்தான் பாப்பாவளாம். ஒரு வருசம் மார்கழிக் குளிர்ல கொஞ்சம் பேரு பெட்ரோமாக்ஸ் லைட்டோட பாடிக்கிட்டு எங்க தெருவுக்குள்ள வந்தாவ. ஒவ்வொரு வாசல்லயும் நின்னாவ. எங்க தாத்தா கதவத் தெறந்து, 'எங்க வீட்டுக்குமா வந்திருக்கிய?'ன்னு கேட்டாராம். அந்த ஒரு கேள்விதான். அன்னையிலேர்ந்து நாங்க இந்தச் சபை."

வழக்கம்போல அந்த இடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, கெளம்புங்க. மொதல்ல வடக்குப்பட்டு. கனி ரூம்" என்றார்.

தெருமுனையில் வேன் நின்றதுமே செல்லக்கனி முதலில் இறங்கி எட்டிப் பார்த்தாள். அத்தை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, தெருவை அடைத்துக் கோலம் போட்டிருந்தாள். கோலத்தின் நடுவில் ஒரு பெரிய நட்சத்திரம். கிறிஸ்மஸ் வீடுகளில் தொங்குவதைக் கவனித்துத்தான் போட்டிருக்கிறாள். அரக்கு நிறப் பட்டுப்புடவை. சிவசங்கரின் இரண்டு பிள்ளைகளும் தலை படிய வாரி, முகமெல்லாம் பவுடரோடு நின்றன. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர். அத்தையின் ஒரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, மறு கையில் வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளம், அதன் நடுவில் கற்பூரக் கட்டி.

"வாங்க வாங்க! இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிறீங்க?" என்று கூவிக்கொண்டே வந்தவள், முன்னால் நின்ற கிறிஸ்மஸ் தாத்தாவின் காலில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"யத்தே! கம்பெனி ஷூ! நனைஞ்சா நாளைக்கு உள்ள விடமாட்டானுவ!" என்று முகமூடிக்குள்ளிருந்து சுடலைக்கண்ணு அலறினான்.

"அடியே, இந்தத் தாத்தா தமிழ் பேசறாருடி!" என்றாள் எதிர்வீட்டுக் காவேரி. பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பிள்ளைகள் தாத்தாவின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஓடின.

ஜெபகுமார் சிரிக்கவில்லை. அவர் கண் கற்பூரத்தின் மேலேயே இருந்தது. "சூடம் வருது. எல்லாரும் மாடிக்கு ஏறுங்க, சீக்கிரம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பழகிய கூட்டம் சொன்னபடி படியைப் பார்த்துத் திரும்பியது. டிரம் நின்றது. அத்தையின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததன் பலன் கண்ணெதிரே நடப்பதைச் செல்லக்கனி பார்த்தாள். ஓடிப்போய் இரண்டாவது படியில் ஏறி, இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"அண்ணே, தப்பு என் மேலதான். வாறோம்னு நான் அத்தைக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஒங்ககிட்டயும் சொல்லல. நீங்க வேண்டாம்னு சொன்னத அவியகிட்டயும் சொல்லல. என்னைய என்ன வேணும்னாலும் ஏசுங்க. அவிய வாசலத் தாண்டி மட்டும் போயிராதிய."

"வுடு கனி, போவட்டும்" என்றாள் சுந்தராம்பாள். சத்தம் போடவில்லை, அதுதான் செல்லக்கனிக்குத் தாங்க முடியவில்லை. "போன வருஷமும் இப்டித்தான் போனாங்க. கொழந்தைங்களுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு வாசல்ல நிக்க வெச்சேன். ஊர்வலத்தோட முதுகத்தான் பாத்துகினு நின்னுதுங்க. எங்க வூட்ல இன்னா தீட்டா கீது?"

ஜெபகுமார் முதல் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். திரும்பினார். பவுடர் அப்பிய இரண்டு முகங்களையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அரை மணி நேரத்துக்கு முன்னால் தன் வாயால் சொன்ன கதை, புடவை கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறது. இதில் தேர் யார், தெரு யார் என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் கீழே இறங்கினார். உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் திணித்துவிட்டு, வெறுங்காலோடு கோலத்தின் ஓரத்தில் வந்து நின்றார்.

"யம்மா, மனசு வருத்தப்படாம ஒண்ணு கேக்கணும். சூடம் மட்டும் வேண்டாம். அது சாமிக்குக் காட்டுறது, நாங்க மனுசங்க. துன்னூறும் எங்களுக்குப் பழக்கமில்ல. ஆனா தண்ணி ஊத்துங்க. கால் கழுவுறது எங்க சபையிலயும் உண்டு. ரொம்பப் பெரிய மரியாத அது."

சுந்தராம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அவ்ளோதானா? இத போன வருஷமே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? உனக்கு வாணாம்னா நான் இன்னா உன் வாயில சூடத்தப் போட்டா முழுங்க வெக்கப்போறேன்?"

பட்டென்று கற்பூரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சொம்பை மறுபடி நிரப்பிவரச் சொல்லி ஜெபகுமாரின் காலில் ஊற்றினாள். ஊற்றிய கையோடு குனிந்து, ஷூவுக்குள் வெந்துபோயிருந்த அந்தக் காலை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டாள். ஜெபகுமார் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்குப் பின்னால் கேரல் கூட்டம் முழுக்க ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். கம்பெனி கேட்டில் பஞ்ச் அடிக்கக்கூட அவர்கள் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

மூன்று பாட்டுப் பாடினார்கள். பெண்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். அத்தை முறுக்குத் தூக்கோடு வந்து, நேரே ஜெபகுமாரிடம் நீட்டினாள். "படைக்கல, பயப்படாம துன்னு" என்றாள். அவருடைய கீர்த்தி வடக்குப்பட்டு வரைக்கும் வந்திருந்தது.

"எங்க வூடு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று காவேரி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். ஜெபகுமார் பட்டியலைச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். "வாறோம்க்கா. ஒரு வாசலையும் விட மாட்டோம்" என்றார். செல்லக்கனிக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது. மண்ணூரிலிருந்து போன் மேல் போன் வந்தது. பாயசம் ஆறுகிறது, எங்கே தொலைந்தீர்கள் என்று கேட்டார்கள். "தெரு முடியட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துக்கொண்டே ஜெபகுமார் நடந்தார். சுந்தராம்பாள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்து, ஒவ்வொரு வீடாகக் காட்டினாள். வாசலுக்கு வாசல் தண்ணீர். சுடலைக்கண்ணு ஷூவை ஏற்கெனவே கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தான்.

கடைசி வீட்டுக்கு முன்னால் அத்தை நின்றுவிட்டாள். கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் கோலம் இல்லை.

"இது வாணாம்பா, திரும்பிக்கலாம். தீட்டு வூடு. சம்சாரம் செத்து ஒரு மாசம்தான் ஆவுது. வருஷம் திரும்புற வரிக்கும் சாமிகூட இந்த வாசல்ல நிக்காது. அவரும் யார் மூஞ்சிலயும் முழிக்கறதில்ல. வேலைக்குப் போவாரு, வருவாரு."

"எங்களுக்குத் தீட்டு இல்லம்மா" என்றார் ஜெபகுமார். சொல்லிவிட்டு அவரே முதலில் போனார். டிரம்மை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கதவை விரலால் தட்டினார்.

கதவு திறந்தது. அம்பது வயசு மதிக்கத்தக்க ஆள், பல நாள் தாடி, தோளில் துண்டு. வாசலில் நிற்கும் கூட்டத்தையும் கிறிஸ்மஸ் தாத்தாவையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்குமா?" என்றார்.

ஜெபகுமார் தலையை மட்டும் ஆட்டினார். பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். அவர் எடுக்க மாட்டார் என்று தெரிந்ததும் செல்லக்கனியே எடுத்தாள், டிரம் இல்லாமல், தாலாட்டுப் போலத் தணிந்த குரலில். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்த மனிதர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார். தெருவில் நின்ற சுந்தராம்பாளும் காவேரியும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக முன்னே வந்து வாசலில் நின்றுவிட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் அவர் உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, துண்டால் தட்டிப் போட்டார். "உக்காரு தாத்தா. இந்த வெயில்ல கம்பளிச் சட்டையப் போட்டுகினு வந்துகீறியே" என்றார். பிறகு ஜெபகுமாரை உற்றுப் பார்த்தார். "தம்பி, நீ நம்ம ஏழாம் நம்பர் பஸ்ல தூங்கிகினே வர்ற ஆளுதான?"

ஏழாம் நம்பர் பஸ் டிரைவர் நடேசன்! தினமும் போக வர அவர் பின்னாலேயே உட்கார்ந்து வந்தவர் ஜெபகுமார். டி.வி. நின்ற பிறகும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவருக்கு, வண்டி ஓட்டுகிறவன் முகம் வாடியிருப்பது எப்படித் தெரியும்?

"தூங்கல அண்ணே. படம் பாக்கக் கூடாதுன்னு கண்ண மூடிக்கிடுவேன்."

"அதான் இப்ப நான் போடறதே இல்லியே. அவ போனதிலேர்ந்து கை போவல. எந்தப் படத்தப் போட்டாலும் அவகூட ஒக்காந்து பாத்ததா கீது."

ஜெபகுமார் தலையைக் குனிந்துகொண்டார். இதற்காகவா எழுந்து நின்று சாட்சி சொன்னோம், இதற்காகவா முப்பது பேரை ஸ்தோத்திரம் சொல்ல வைத்தோம் என்று அவர் மனசு குத்துவது செல்லக்கனிக்கே தெரிந்தது. அவர் நடேசனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க அண்ணே" என்றார்.

"எதுக்குப்பா?"

"ஒங்க மொகத்தப் பாக்கல அண்ணே. இத்தன நாளும்."

நடேசனுக்கு விளங்கியதோ இல்லையோ, பிடித்த கையை அவரும் விடவில்லை. "டீ போடறேன், இரு" என்றார். "நீ போட்ட டீய எவன் குடிப்பான்? நகரு" என்று சொல்லிக்கொண்டே சுந்தராம்பாள் படியேறி உள்ளே போனாள். அந்த வீட்டுக்குள் ஒரு மாதத்துக்குப் பிறகு நுழைந்த முதல் வெளியாள் அவள்தான். பட்டியலின் மற்ற பத்து வீடுகளும் அன்றைக்கு ஆறிய பாயசத்தைத்தான் கொடுத்தன.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் சுடலைக்கண்ணு மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஏட்டி கனி, சேதி தெரியுமா? இன்னைக்கு பஸ்ல ஒங்க அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? ஏறுனதும் டிரைவர்கிட்ட போயி, 'அண்ணே, டி.வி. போடுங்க. நாங்க கூட ஒக்காந்து பாக்கோம்'ங்காரு! அவரும் போட்டுட்டாரு! பஸ்ஸே கை தட்டுது!"

"கண்ணத் தெறந்துக்கிட்டா பாத்தாவ?"

"சண்டையெல்லாம் முழிச்சிக்கிட்டுதான் பாத்தாரு. டூயட்டு வந்ததும் டபக்குன்னு மூடிக்கிட்டாரு. 'முடிஞ்சிட்டால, முடிஞ்சிட்டால'ன்னு என்னையக் கேட்டு உயிர வாங்கிட்டாரு."

செல்லக்கனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரே கியூ.சி. டேபிளுக்குப் போனாள். ஜெபகுமார் ஒயர் கட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, படம் ஓகேயா, என்ஜியா?"

அவர் நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்தது.

"பாதியில கம்பெனி வந்துட்டு, கனி. மிச்சத்தையும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.